ஒகேனக்கல் விருந்து முடிஞ்சு திரும்பும்போது பிள்ளை யார் வண்டியில?

அரூர்வாசி:
ஆடி 18 வருது. குடிச்சவங்க வண்டியில ஏறமாட்டேன்னு சொல்ல இப்பவே பிள்ளைங்களுக்குப் பழக்குங்க.

பென்னாகரத்தான்:
அது மட்டும் போதாதுங்க. எட்டு வயசுப் பிள்ளை தாய்மாமன்கிட்ட மாட்டேன்னு சொன்னா, "பெரிய மனுசனாட்டம் பேசறான் பாரு"ன்னு தூக்கி டேங்க் மேல உட்கார வெச்சுடுவாங்க. சாவியைப் பெரியவங்கதான் வாங்கணும். அதுவும் இலை போடறதுக்கு முன்னாடி, "வண்டியை நிழல்ல நிறுத்தறேன், குடு மாப்ள"ன்னு. குடிச்சப்புறம் கேட்டா சண்டைதான் வரும்.

அரூர்வாசி:
சாவி வாங்க ஆள் இல்லைன்னா? பிள்ளைக்குச் சாக்கு சொல்லிக் குடுங்க: "வண்டியில வந்தா வாந்தி வருது, பாட்டிகூட பஸ்ல வரேன்." மாமனுக்கும் மானம் போகாது. ஏறிட்டா ஓடற வண்டியிலிருந்து குதிக்கவே கூடாது. ஆள் நடமாட்டம் இருக்கற இடமா பார்த்து "ஒண்ணுக்கு வருது"ன்னு இறங்கி, கடைக்கார அம்மாகிட்ட போய் நிக்கணும். அம்மா நம்பரும், குழந்தைகள் உதவி எண் 1098-ம் மனப்பாடமா தெரியணும்.

ராயக்கோட்டையான்:
ஒரு குவார்ட்டருக்கு இவ்வளவா? தூங்கி எழுந்து மோர் குடிச்சா தெளிஞ்சிடும். போலீஸுக்குச் சொன்னா 10,000 வரைக்கும் அபராதம், உறவும் அறுந்துடும்.

பென்னாகரத்தான்:
கணக்கு போட்டுப் பாருங்க. குவார்ட்டர் 180 மில்லி, அதுல ஆல்கஹால் 42.8 சதவீதம். எடைக்குச் சுமார் 60 கிராம். 65 கிலோ ஆளுக்கு 100 மில்லி ரத்தத்துல 130 மில்லிகிராம் வரைக்கும் ஏறும். சட்டம் விடறது 30. கல்லீரல் மணிக்கு 15 போலத்தான் இறக்கும். மோரோ காபியோ அதை வேகப்படுத்தாது. மதியம் 1 மணிக்குக் குடிச்சா அந்த 30-க்கு இறங்க ராத்திரி 7, 8 ஆகும். நடை நேரா இருக்கும், பேச்சும் தெளிவா இருக்கும். மலைப்பாதை வளைவுல பஸ் எதிரே வந்தா பிரேக் பிடிக்கற கைதான் பிந்தும். மோதினா ஓட்டறவரோட மொத்த எடையும் பிள்ளையை ஹேண்டில்பார்ல வெச்சு நசுக்கும்.

அரூர்வாசி:
ஒண்ணு சேர்த்துக்கறேன். சாவி தரலைன்னு பழைய வண்டியில டேங்குக்குக் கீழ இருக்கற பெட்ரோல் வால்வை மூடிடாதீங்க. கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கறதுல கொஞ்ச தூரம் ஓடி, நடு வளைவுல நின்னுடும். பிளக் கேப்பைக் கழட்டினா, ரெண்டு பிளக் இருந்தா ரெண்டையும் கழட்டினா, கிளம்பவே கிளம்பாது.

ராயக்கோட்டையான்:
சாவி விஷயம் சரிங்க, ஒத்துக்கறேன். போலீஸ் மட்டும் வேண்டாம்.

பென்னாகரத்தான்:
நானும் முதல்ல போலீஸைச் சொல்லலை. ஆனா பிள்ளையோட வண்டி கிளம்பிடுச்சுன்னா அவசர உதவி எண் 112 அடிச்சே ஆகணும். வண்டி நம்பர், எந்தப் பக்கம் போகுது, முன்னாடி பிள்ளை உட்கார்ந்திருக்கு. இந்த மூணையும் முதல்லயே சொல்லிடுங்க.