சபை நூலகத்தில் பேய்க்கதை இருக்கலாமா?

பாளை வாசகன்

எங்கள் வாலிபர் ஐக்கிய நூலகம் என்பது ஒரு இரும்பு அலமாரி, ஒரு கண்ணாடி அலமாரி, அவ்வளவுதான். அந்த இரும்பு அலமாரியிலிருந்து இரண்டு ஆங்கில நாவல்களை எடுத்துவிடச் சொல்லி ஒரு பெரியவர் சேகரக் கமிட்டிக்கு, அதாவது சபை நிர்வாகக் குழுவுக்கு, எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்று ஃபிராங்க் பெரெட்டியின் 'திஸ் பிரசென்ட் டார்க்னெஸ்' (1986). இன்னொன்று வில்லியம் பீட்டர் பிளாட்டியின் 'தி எக்ஸார்சிஸ்ட்' (1971), பேய் பிடித்த ஒரு சிறுமியின் கதை. "பிசாசைப் பற்றிய கற்பனைக் கதைகள் விசுவாசிகளுக்கு ஏற்றவையல்ல" என்று ஒரே வரிதான் காரணம்.

முதல் நாவலைப் படிக்காதவர்களுக்காக: ஆஷ்டன் என்று ஒரு சிறிய அமெரிக்க ஊர். ஒரு ரகசியக் கூட்டம் ஊரையே விலைக்கு வாங்கப் பார்க்கிறது. எதிர்த்து நிற்பவர்கள் ஒரு இளம் போதகரும் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியரும். இவர்கள் தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், தூதர்களும் பிசாசுகளும் வாளெடுத்துச் சண்டை போடுகிறார்கள். கீழே சபையார் ஜெபித்தால் மேலே தூதர்களுக்குப் பலம் ஏறும், ஜெபம் குறைந்தால் இறங்கும். வெளிவந்தபோது பெரெட்டி பனிச்சறுக்குக் கட்டை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அது 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் என்ன சொல்லி வாதாடுவது?

ராக்கோழி

நான் கிறிஸ்தவன் இல்ல, பேய்க்கதைப் பைத்தியம். அந்த உரிமையில ஒண்ணு சொல்லிக்கிறேன். பெரெட்டியை நூறு பக்கம் வரைக்கும் தம் பிடிச்சுப் படிச்சேன். அப்புறம் கொட்டாவி. ஆண்டவர் கட்சி தோக்கவே முடியாதுன்னு எழுதினவருக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். அம்பயரும் உங்காளு, பிட்ச்சும் உங்காளு போட்டது. இதுல சஸ்பென்ஸ் எங்கேர்ந்து வரும்? தடை பண்ணணும்னா இந்தக் காரணத்துக்குப் பண்ணுங்க.

தாவீதின் கவண்

ஸ்தோத்திரம். ராக்கோழி பிரதர், உங்களுக்குக் கொட்டாவி வந்த புத்தகம்தான் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தது. கல்லூரி விடுதியில் ஒரே இரவில் வாசித்து முடித்தேன். காலையில் முழங்கால் தானாக மடங்கியது. "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று எபேசியர் 6:12 சொல்வதைத்தான் அவர் படம்போலக் காட்டுகிறார். தானியேல் 10ஆம் அதிகாரத்தில் தானியேலிடம் வந்த தூதனைப் பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்றான், இன்னொரு தூதனான மிகாவேல் வந்து உதவினான். பெரெட்டி புதிதாக எதையும் கற்பிக்கவில்லை.

எக்ஸார்சிஸ்ட் வேறு விஷயம். அந்த அசிங்கங்களை வரிக்கு வரி எழுதி, வாசிக்கிறவன் மனதில் குடியேற்றுகிற புத்தகம் அது. "கற்புள்ளவைகளெவைகளோ" அவைகளையே சிந்தியுங்கள் என்று பிலிப்பியர் 4:8இல் இருக்கிறது. எபேசு சபையார் 50,000 வெள்ளிக்காசு விலையுள்ள புத்தகங்களைச் சுட்டெரித்ததும் வேதத்தில்தான் இருக்கிறது, அப்போஸ்தலர் 19இல். பெரியவரின் மனு பாதி சரி என்பது என் எண்ணம்.

முட்டம் காற்று

கவண் அண்ணே, எபேசுல எரிச்சது கதைப் புத்தகத்த இல்ல, மந்திரப் புத்தகத்த. அதே அதிகாரத்துல, நாலு வசனம் முன்னாடி, லூக்கா என்ன எழுதியிருக்காரு? ஸ்கேவாங்கற ஆசாரியனோட 7 மகன்மாரு இயேசு பேரச் சொல்லிப் பேயோட்டப் போறாங்க. "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?"னு பேய் கேக்குது. அடி வாங்கி, துணியில்லாம, ரத்தக் காயத்தோட ஓடுறாங்க. சிரிப்பும் பயமும் ஒண்ணா வர்ற காட்சி. பேய்க்கதை எழுதக் கூடாதுன்னா லூக்காகிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும்.

எங்க கத்தோலிக்க பைபிள்ல தோபித்துன்னு ஒரு நூல் உண்டு, உங்கள்ல இல்ல. சாராங்கற பொண்ணுக்குக் கல்யாணம் ஆன 7 மாப்பிள்ளையையும் அசுமதேயுங்கற பேய் முதல் ராத்திரியே கொன்னுபோடுது. எட்டாவதா ஒருத்தன் வர்றான். மாமனார் ராத்திரியே அவனுக்கும் சேத்துக் குழி தோண்டி வைக்கிறாரு, விடியறதுக்குள்ள ஊருக்குத் தெரியாமப் பொதைச்சிறலாம்னு! இதவிட சஸ்பென்ஸ் வேணுமா, ராக்கோழி?

ராக்கோழி

குழி தோண்டின மாமனார்! சரி, அந்த நூலைத் தேடிப் படிக்கிறேன். ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. முடிவு தெரிஞ்ச கதையில திகில் எப்படி?

பாளை வாசகன்

இதைப் பற்றி நேற்று இரவு முழுக்க யோசித்தேன். 1 சாமுவேல் 28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குறிசொல்கிறவர்களைத் தேசத்தைவிட்டே துரத்தியவர் சவுல் ராஜா. அதே சவுல் மாறுவேடம் போட்டு, இரண்டு ஆட்களோடு, ராத்திரியில், எந்தோரில் இருக்கிற அஞ்சனம்பார்க்கிற ஸ்திரீயின் வீட்டுக்குப் போகிறார். செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேல் எழும்பி வந்து, நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள் என்கிறார். முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. சாதாரண எழுத்தாளன் என்றால் அத்தியாயத்தை அந்த இடத்தில் வெட்டியிருப்பான்.

ஆனால் கதை நிற்கவில்லை. பகலெல்லாம் சாப்பிடாத சவுல் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுகிறார். அந்தப் பெண், யாரை இந்த ராஜா துரத்தினாரோ அவள், கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று மன்றாடுகிறாள். மாட்டேன் என்கிறார். வற்புறுத்துகிறார்கள். எழுந்து கட்டிலில் உட்காருகிறார். அவள் கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லாத அப்பம் சுடுகிறாள். விடிந்தால் சாகப்போகிறவன் சாப்பிட்டுவிட்டு இருட்டில் எழுந்து போகிறான். எனக்கு ஆவியைவிட அந்தச் சாப்பாடுதான் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. யார் ஜெயிப்பார் என்பது தெரிந்த பிறகும் இந்த மனுஷன் இப்போது என்ன செய்வான் என்பது தெரியாது, ராக்கோழி. திகிலுக்கு அது போதும்.

ராக்கோழி

இதை ஒத்துக்கிறேன். ஆனா இது பெரெட்டிக்கு சப்போர்ட் இல்லையே. இது பெரெட்டியை அடிக்குது. அவர் கதையில மனுஷங்க என்ன செய்யறாங்கன்னு யாரும் பாக்கறதில்ல, எல்லார் கண்ணும் மேல வாள் சண்டையிலதான்.

மல்லிகை டீச்சர்

தம்பிமாரே, இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓய்வுபெற்ற வாத்திச்சி, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவண் தம்பி சொன்ன தானியேல் 10ஐ மறுபடி வாசித்தேன். மூன்று வாரம் தானியேல் துக்கித்து ஜெபிக்கிறார். அந்த நாட்களில் பெர்சியாவின் அதிபதி என்று ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவன் பெயரைச் சொல்லி அவர் ஒரு வார்த்தையும் ஜெபிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தூதன் வந்து தகவல் சொல்கிறான். பெரெட்டியின் நாவல் இதைத் தலைகீழாக்குகிறது. வாசகனுக்கு எல்லாப் பிசாசின் பெயரும் தெரியும், எது எந்த மனுஷன் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும். புத்தகத்தை மூடிய பிறகும் அந்தக் கண்ணாடியைக் கழற்றாமல் தெருவைப் பார்க்கிறவர்கள் உண்டு. என் பயம் அதுதான்.

இது வெறும் பேச்சல்ல. என் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வரும். மாத்திரையில் கட்டுப்பட்டிருந்தது. வீட்டார் ஒரு ராத்திரி ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார்கள். ஆவி என்றார்கள், அது வந்த வழியையும் சொன்னார்கள், பக்கத்து வீட்டுக்காரி என்று. மாத்திரை நின்றது. ஒரு நாள் அடுப்பங்கரையில் விழுந்தாள். இன்றும் இடது கை முழுக்கத் தழும்பு. பக்கத்து வீட்டம்மாளோடு அந்தக் குடும்பம் இதுவரை பேசுவதில்லை. மத்தேயு 17இல் ஒரு தகப்பன் "அடிக்கடி தீயிலும், அடிக்கடி ஜலத்திலும் விழுகிறான்" என்று அழுகிற இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறாள்.

அந்த வீட்டில் யாரும் பெரெட்டியைப் படித்திருக்க மாட்டார்கள், அவர் மேல் பழி போடவில்லை. ஆனால் அவர் நாவலில் பிசாசுகளுக்குக் கதவு திறந்துவிடுகிற பாத்திரம் யார்? கல்லூரியில் உளவியல் கற்பிக்கிற பேராசிரியை. எத்தனையோ பாத்திரங்களில் அது என் கண்ணை உறுத்தியது.

இப்போது பெரியவர் எடுக்கச் சொன்ன மற்றப் புத்தகம். எக்ஸார்சிஸ்டில் அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கே ஓடுகிறாள்? டாக்டரிடம். பிறகு வேறு டாக்டர்கள், பிறகு மனநல மருத்துவர்கள். நாவலில் கணிசமான பக்கங்கள் பரிசோதனைதான். குருவானவர் காரஸ் தானே ஒரு மனநல மருத்துவர். இது ஆவியல்ல என்று நிரூபிக்கத்தான் அவர் பாடுபடுகிறார். குழாய்த் தண்ணீரைத் தெளித்து, தீர்த்தம் என்று சொல்லிப் பார்க்கிறார். பிள்ளை துடிக்கிறது. தீர்த்தமே இல்லாத தண்ணீருக்கு ஏன் துடிக்க வேண்டும் என்று அவர் குழம்புகிறார். அந்தக் குழப்பத்தை நான் மதிக்கிறேன்.

தாவீதின் கவண்

டீச்சர், அந்தப் பிள்ளைக்காக மனது வலிக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற போதகத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை, எங்கள் சபையிலும் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பெரெட்டிக்கு ஒரு நியாயம் செய்யுங்கள். அவர் கதையில் செய்யாத குற்றம் யார் மேல் சாட்டப்படுகிறது? அந்த இளம் போதகர் மேல். ஒரு பெண் பொய்யாகக் குற்றம் சாட்ட, அவர் சிறைக்குப் போகிறார். அப்படியிருக்க, அண்டை வீட்டாரைச் சந்தேகப்படச் சொல்லும் புத்தகம் என்பது எப்படிச் சரி? பயமுறுத்தாத, பிசாசே இல்லாத, நல்லொழுக்கக் காதல் கதைகளை மட்டும் அலமாரியில் வைத்தால் பிசாசுக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது.

மல்லிகை டீச்சர்

போதகர் பற்றிச் சொன்னது சரிதான், அதை நான் விட்டுவிட்டேன். ஆனாலும் பாருங்கள், அங்கே பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் எதிரணியில் இருக்கிறார்கள். நம் அணியில் ஒருவன் நல்லெண்ணத்தோடு தப்பாகக் குற்றம் சாட்டிவிடுவான் என்ற பயம் நாவலில் எங்கே இருக்கிறது? அதே வருஷங்களில் கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு நடந்தது. பிள்ளைகளிடம் பாலியல் கொடுமை செய்தார்கள் என்று 1983இல் புகார், சாத்தான் வழிபாடு என்றுகூடப் பேச்சு. 1990இல் ஒருவருக்கும் தண்டனையில்லாமல் முடிந்தது. நாவல் அதற்குக் காரணமல்ல. இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தன என்பேன்.

முட்டம் காற்று

டீச்சர், அதுல கதைக்காரங்கள விடக் கெடுதல் செஞ்சது சாட்சி சொன்னவங்க. மைக் வார்ன்கின்னு ஒருத்தர். நான் சாத்தான் பூசாரியா இருந்து மனம் திரும்பினேன்னு 1970கள்ல புத்தகம் போட்டு, சபை சபையாப் பேசி, பெரிய ஆளானார். 1992ல 'கார்னர்ஸ்டோன்'ங்கற கிறிஸ்தவப் பத்திரிகையே தோண்டி எடுத்து எல்லாம் புளுகுன்னு எழுதிச்சு. பெரெட்டி அட்டையிலேயே நாவல்னு போட்டுட்டாரு. அந்த மட்டுக்கும் அவர் யோக்கியர். நூலகத்துல சோதிக்கணும்னா 'உண்மைச் சாட்சி' வரிசையத்தான் முதல்ல சோதிக்கணும்.

எக்ஸார்சிஸ்ட்ல எனக்குப் பிடிச்ச இடம், பெரிய சாமியார் மெரின் சொல்றது. பேயோட குறி அந்தப் பிள்ளை இல்ல, சுத்தி நிக்கிற நாமதான்ம்பாரு. நாம மிருகம், அசிங்கம், கடவுள் நம்மளப் போய் எப்படி நேசிப்பாருன்னு நம்ம வாயாலயே சொல்ல வைக்கணும், அதுக்குத்தான் அத்தனையும். கவண் அண்ணே, அந்த அசிங்கம் ஏன் எழுதியிருக்குன்னு கேட்டா, பதில் இதுதான்.

தாவீதின் கவண்

காரணம் புரிகிறது. காரணம் புரிந்தால் எல்லாவற்றையும் எழுதலாமா? சில பக்கங்களை நான் என் மகளுக்குக் கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்க மாட்டீர்கள்.

முட்டம் காற்று

பதினஞ்சு வயசுல குடுக்க மாட்டேன். அது உண்மைதான்.

ராக்கோழி

அப்ப இடைவழி ஒண்ணும் இல்லையா? பயமும் இருக்கணும், வாள் சண்டையும் வேண்டாம், மகளுக்கும் குடுக்கணும்.

மல்லிகை டீச்சர்

சி. எஸ். லூயிஸின் 'ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்' (1942) இருக்கிறது. மூத்த பிசாசு ஒன்று இளைய பிசாசுக்கு எழுதும் 31 கடிதங்கள். ஒரு சாதாரண ஆளை எப்படிக் கெடுப்பது என்று யோசனை. அங்கே கட்டில் ஆடாது, கழுத்து திரும்பாது. அந்த ஆளுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் தினமும் நடக்கிற சின்னச் சின்ன எரிச்சலை வளர்த்துவிடு, அது போதும் என்று எழுதுகிறது மூத்தது. வாசித்த வாரம் என் மாமியாரிடம் பேசவே எனக்கு நாக்கு கூசியது. பிசாசு யார் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடினால் இந்தப் புத்தகத்தில் அது என் தோளாக இருந்தது.

தாவீதின் கவண்

லூயிஸுக்கு ஆமென். ஆனால் டீச்சர், மதுக்கடைக்கு முன்னால் நின்று ஜெபிக்கிறவனுக்கு லூயிஸ் போதாது, பெரெட்டி வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

பாளை வாசகன்

கமிட்டி முடிந்தது. எங்கள் போதகர் ஐயரவாள் இரண்டு பக்கமும் கேட்டார். எந்தோர் கதையை நான் சொன்னபோது பெரியவர் சிரித்தேவிட்டார், ஆனால் மனுவைத் திரும்பப் பெறவில்லை. முடிவு: பெரெட்டி அலமாரியில் இருக்கலாம், எக்ஸார்சிஸ்ட் 18 வயதுக்கு மேல் கேட்டால் மட்டும், அதுவரை சபை ஊழியர் உபதேசியார் வீட்டில். டீச்சர் சொன்ன வாதத்தை அப்படியே வைத்தேன், தலைகீழாகத்தான் தீர்ப்பு வந்தது.

மல்லிகை டீச்சர்

பரவாயில்லை. உபதேசியாராவது படிக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தக் கண்ணாடி அலமாரியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' உண்டா? ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' கதையைத் தழுவி நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் எழுதி 1894இல் வந்த காப்பியம். அந்தக் கதையில் அப்பொல்லியோன் என்ற பிசாசு வழிமறித்துச் சண்டை போடுவானே, அதை எந்தப் பெரியவரும் ஆட்சேபிக்கவில்லை பாருங்கள்.

பாளை வாசகன்

உண்டு டீச்சர், வெளியிலிருந்தே முதுகு தெரியும். பூட்டுச் சாவிதான் யாரிடம் என்று தெரியவில்லை. போன அசன விருந்தின்போதே தேடினோம்.

ராக்கோழி

சாவி கிடைச்சா சொல்லுங்க. அதுவரைக்கும் தோபித்து ஓடுது. மாமனார் இப்பத்தான் மண்வெட்டி எடுத்திருக்கார்.