‘பிரின்சஸ் டுட்டு’ முடிவு: அஹிருவுக்கு நியாயம் கிடைத்ததா?

பனித்துளி எழுதியது:

முடிவைப் பற்றி மறைக்காமல் பேசப்போகிறேன். தொடரை இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

2002, 2003 ஆண்டுகளில் ஜப்பானில் ஒளிபரப்பான ‘பிரின்சஸ் டுட்டு’ என்ற அனிமே தொடரின் 26 பகுதிகளையும் நேற்றிரவு பார்த்து முடித்தேன். அப்போதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அழுதேன் என்பது உண்மைதான். ஆனால் அந்த அழுகை துயரத்தினால் வந்ததா, கோபத்தினால் வந்ததா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பார்த்து நெடுநாள் ஆனவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். டிரோசல்மேயர் என்னும் கதாசிரியர் ஒரு கதையை முடிக்காமலேயே இறந்துவிட, அக்கதையின் இளவரசனும் அவன் எதிரியான அண்டங்காக்கையும் ஏட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். காக்கையைச் சிறைப்படுத்துவதற்காக இளவரசன் தன் இதயத்தையே பிடுங்கிச் சிதறடித்துவிட்டு, எந்த உணர்ச்சியும் இல்லாத மியூதோவாக ஒரு நகரத்தில் வாழ்கிறான். அவன் கண்களில் இருந்த தனிமையைக் கண்டு இரங்கிய ஒரு சிறு வாத்து, இறந்த கதாசிரியரிடமிருந்து ஒரு பதக்கத்தைப் பெற்று அஹிரு என்ற பெண்ணாகவும், டுட்டு என்ற பாலே இளவரசியாகவும் மாறி, சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரட்டிக் கொடுக்கிறது. கடைசித் துண்டு தன் கழுத்தில் தொங்கும் அந்தப் பதக்கமே என்று தெரியவரும்போது அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி வாத்தாகிறது. இதயம் முழுமை பெற்ற இளவரசன், காக்கையின் மகளாக வளர்க்கப்பட்ட ரூவைத் தன் இளவரசியாக ஏற்றுக்கொண்டு கதைக்குள் திரும்பிப் போகிறான். கடைசிக் காட்சியில், மியூதோவைக் காத்துவந்த தோழன் ஃபகீர் ஏரிக்கரையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். அருகில் வாத்து மிதந்துகொண்டிருக்கிறது.

என் கேள்வி இதுதான். எல்லோருக்கும் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தவளுக்கு மட்டும் பேச்சு இல்லை, கைகள் இல்லை, நேசித்தவனும் இல்லை என்று ஒரு கதை முடிவதை எப்படி நியாயம் என்று ஏற்பது? இதை அழகான முடிவு என்று பலரும் சொல்கிறார்கள். அந்த அழகு எங்கே இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கதைகேள்வன் எழுதியது:

தங்கள் கோபம் எனக்கும் இருந்தது. அது தணிந்ததற்குக் காரணம், இத்தொடர் எந்தக் கதைகளின் வழித்தோன்றல் என்பதைப் பிற்பாடு யோசித்துப் பார்த்ததுதான்.

டுட்டு தன் காதலை இளவரசனிடம் வாயால் சொல்லிவிட்டால் ஒளித்துளியாகி மறைந்துவிடுவாள் என்ற விதி தொடக்கத்திலேயே வைக்கப்படுகிறது. 1837ஆம் ஆண்டில் ஆண்டர்சன் எழுதிய கடற்கன்னியின் கதையை அறிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று உடனே புரியும். அங்கும் ஒருத்தி வேற்றுருவம் பெற்று, பேச்சை இழந்து, தன் காதலைச் சொல்ல முடியாமல், இளவரசன் வேறொருத்தியை மணப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதே ஆண்டர்சன் 1843இல் எழுதிய வாத்துக்குஞ்சின் கதையோ இதற்கு நேர் எதிரானது: எல்லோராலும் ஒதுக்கப்பட்ட குஞ்சு வளர்ந்து அன்னமாகிறது. இத்தொடர் இவ்விரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. அன்னத்தின் உடையில் ஆடியவள் வாத்தாகத் திரும்புகிறாள்; ஆனால் கடற்கன்னியைப் போல நுரையாகக் கரைந்துபோவதில்லை. ஒரு கதையின் இன்பமும் மற்றொரு கதையின் துன்பமும் அவளுக்கு மறுக்கப்படுகின்றன. அவளுக்குக் கிடைப்பது மூன்றாவது ஒன்று, அவளுடையதாக மட்டுமே இருக்கிறது.

தொடரின் இரண்டு பாகங்களுக்கும் வைத்த பெயர்களைக் கவனித்தீர்களா? முதல் 13 பகுதிகள் முட்டையின் பாகம், அடுத்த 13 பகுதிகள் குஞ்சின் பாகம். அன்னத்தின் பாகம் என்று ஒன்று வரவே இல்லை. ‘அஹிரு’ என்ற சொல்லுக்கே ஜப்பானிய மொழியில் வாத்து என்றுதான் பொருள். எனவே அவள் யார் என்பதை அவர்கள் முதல் நாளிலிருந்தே நம் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். நாம்தான் அன்னத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தோம்.

அந்த எதிர்பார்ப்புக்கும் காரணம் உண்டு. தலைமை இயக்குநர் ஜுனிச்சி சாட்டோ, 1992இல் தொடங்கிய ‘சைலர் மூன்’ தொடரின் தொடக்க இயக்குநர். மூலக் கருத்தைத் தந்த இக்குகோ இத்தோவும் அத்தொடரில் பணியாற்றியவர். உருமாறும் சிறுமிகளின் கதையில் உருமாற்றம் என்பது வலிமை. கதை நகர நகர அந்த வலிமை கூடிக்கொண்டே போகும். இங்கே அவ்விருவரும் அந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கினார்கள். டுட்டு ஒவ்வொரு முறை வெல்லும்போதும் தான் இல்லாமல் போகும் நாளுக்கு ஓரடி அருகில் செல்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தபோது, சிரிப்பூட்டும் பகுதிகள்கூட எனக்குக் கனத்துத் தெரிந்தன.

தனிமரம் எழுதியது:

கதைகேள்வன் அவர்களின் விளக்கம் முடிவு எப்படி உருவானது என்பதைச் சொல்கிறது. அது நியாயமா என்ற கேள்வியைத் தொடவில்லை என்று பணிவுடன் கருதுகிறேன்.

ஃபகீர் டிரோசல்மேயரின் வழிவந்தவன். அவன் எழுதினால் எழுதியது நடக்கும். மேலும், அவனால் உயிரோட்டத்துடன் எழுத முடிவது அஹிருவைப் பற்றி மட்டுமே என்று தொடரே காட்டுகிறது. அப்படிப்பட்டவன், போர் முடிந்து அமைதி திரும்பிய பின், ‘அந்த வாத்து மறுபடியும் ஒரு பெண்ணாயிற்று’ என்று ஒரே ஒரு வரி எழுதுவதற்கு என்ன தடை? இறுதிக் காட்சியில் அவன் கையில் எழுதுகோல் இருப்பதாலேயே எனக்கு அந்தக் காட்சி ஆறுதலாக அமையவில்லை. கதவைத் திறக்கும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருப்பவனைப் போல அவன் எனக்குத் தோன்றுகிறான்.

ஏட்டகம் எழுதியது:

தனிமரம் அவர்கள் எழுப்பிய கேள்விதான் இந்தத் தொடரைப் பற்றிக் கேட்கக்கூடிய மிகக் கடினமான கேள்வி என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இத்தொடரில் தீயவர் யார்? காக்கையைவிடக் கொடியவர் டிரோசல்மேயர். தாம் படைத்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருபோதும் கேளாமல், தமக்குச் சுவையான துயரத்தை அவர்கள் மீது எழுதிக்கொண்டே போவதுதான் அவருடைய குற்றம். இறந்த பிறகும் எழுதுவதை நிறுத்தாதவர் அவர். 25ஆம் பகுதியில் அவர் ஃபகீரின் கையைப் பற்றிக்கொண்டு அஹிருவின் சாவை எழுத வைக்கும்போது, ஃபகீர் தன் கையைத் தானே கத்தியால் குத்தி அதை நிறுத்துகிறான். அந்தக் காயத்தை மறந்துவிட்டு இறுதிக் காட்சியைப் பார்க்கக் கூடாது. அடுத்தவருடைய உருவத்தையும் வாழ்வையும் தன் விருப்பப்படி எழுதிவிடும் ஆற்றல் எவ்வளவு கொடியது என்பதைத் தன் சதையில் உணர்ந்தவன், அன்பின் பெயரால்கூட அதே செயலைச் செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘அவளைப் பெண்ணாக்கு’ என்று எழுதுவது அவளுக்காகவா, அவளைப் பெண்ணாகப் பார்க்க விரும்பும் அவனுக்காகவா, நமக்காகவா?

இன்னொன்று. துயர ஏரியின் அடியில் அவ்விருவரும் ஆடும் நடனத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்பு பதக்கம் கழுத்தை விட்டு வர மறுக்கிறது. கொடுக்க வேண்டும் என்று அவள் அறிவு சொல்கிறது. மனத்தின் ஒரு மூலை மட்டும் பெண்ணாக இருப்பதைவிட்டு அகல அஞ்சுகிறது. அந்த அச்சத்தை யாரும் கடிந்துகொள்வதில்லை. ஃபகீர் நீருக்குள் இறங்கி வந்து, நாம் உண்மையில் யாரோ அவர்களாகத் திரும்புவோம் என்றும், என்றும் உன் அருகிலேயே இருப்பேன் என்றும் சொன்ன பிறகுதான் பதக்கம் கழல்கிறது. அவன் கொடுத்த வாக்கில் ‘உன்னை மாற்றுவேன்’ என்பது இல்லை. கடைசிக் காட்சியில் அவன் நிறைவேற்றிக்கொண்டிருப்பது அந்த வாக்கைத்தான்.

இனிப் பனித்துளி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். தங்கள் அழுகை எதனால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை என்றீர்கள். இதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எனக்கு உதவியது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றான அழுகை பிறக்கும் இடங்களுள் இழவைச் சொல்கிறார் தொல்காப்பியர். பெருமிதம் பிறக்கும் இடங்களுள் தறுகண்மையையும் கொடையையும் சொல்கிறார். இழப்பும் கொடையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் கையிலிருந்த பொருள் போய்விடுகிறது. ஆயினும் அவை எழுப்பும் உணர்வுகள் வேறு. அஹிரு பதக்கத்தை இழந்தாள் என்று கொண்டால் நமக்கு மிஞ்சுவது அழுகை. கொடுத்தாள் என்று கொண்டால் பெருமிதம். இந்த முடிவின் தனிச்சிறப்பு, இரண்டையும் ஒரே கணத்தில் நம்மீது இறக்கிவிடுவதுதான். அதனால்தான் தாங்கள் எந்தக் கண்ணீர் எது என்று தடுமாறினீர்கள் என்று எண்ணுகிறேன்.

26ஆம் பகுதியில் வாத்து ஆடும் காட்சியை இதற்குச் சான்றாகச் சொல்வேன். நகரத்து மக்கள் காக்கைகளாகிவிட்டார்கள். அவர்கள் நடுவே, இறகு மட்டுமே உள்ள அந்தச் சிறு உயிர் ஆடத் தொடங்குகிறது. பாலே நடனத்தின் நீண்ட கோடுகள் எதுவும் அந்த உடலுக்கு வராது: கழுத்து குட்டை, கால்கள் சவ்வுக்கால்கள், இறக்கைகள் கையளவுகூட இல்லை. காக்கைகள் கொத்திக் கீழே தள்ளுகின்றன. எழுகிறது, ஆடுகிறது, மறுபடி விழுகிறது. தொடர் முழுவதிலும் டுட்டு ஆடிய எந்த நடனமும் இதற்கு ஈடாகாது. ஏனெனில் டுட்டுவின் நடனத்துக்குப் பதக்கத்தின் துணை இருந்தது. இந்த நடனத்துக்கு எதுவும் துணையில்லை. காக்கையின் பிடியில் தவிப்பவர்களுக்கு நம்பிக்கையை எழுப்புவது இந்த வாத்துதான். அவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை என்று சொல்வதற்கு முன் இந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டுகிறேன். அவளிடம் எப்போதும் இருந்தது எது என்பதை அது காட்டுகிறது.

கதைகேள்வன் எழுதியது:

ஏட்டகம் அவர்களுக்கு நன்றி. அந்த ஒற்றை நடனத்துக்கு ஒரு முன்னோட்டம் 13ஆம் பகுதியில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். காதலை வாயால் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் நிற்கும் டுட்டு, இருவர் சேர்ந்து ஆட வேண்டிய நடனத்தைத் தனியாளாக ஆடுவாள். தூக்கிப் பிடிக்கக் கை இல்லாத இடத்திலும் கை இருப்பதாக நம்பி ஆடுவாள். துணையின்றி ஆடுவது எப்படி என்பதை அவள் அன்றே கற்றுக்கொண்டாள்.

இத்தொடரில் இசையாக ஒலிக்கும் ‘அன்னங்களின் ஏரி’ பாலேவின் முடிவே நிலையானது அன்று என்பதும் நினைவுக்கு வருகிறது. 1877இல் மாஸ்கோவில் அது முதன்முதலில் அரங்கேறியபோது காதலர் இருவரும் நீரில் மாண்டனர். 1895இல் பீட்டர்ஸ்பர்க் வடிவத்தில் இறப்புக்குப் பின் அவர்கள் ஒன்றுசேர்வது காட்டப்பட்டது. பிற்காலச் சோவியத் அரங்குகளில் சூனியக்காரனை வென்று இருவரும் உயிரோடு வாழ்ந்தனர். அந்த இசையை வைத்துக் கதை சொல்ல வந்தவர்கள் தங்களுக்கென ஒரு முடிவைத் தேடியது இயல்பே.

தனிமரம் எழுதியது:

ஃபகீரின் காயத்தை நான் மறந்துதான் போனேன், அதை ஒப்புக்கொள்கிறேன். அவன் எழுத மறுப்பதில் ஓர் அறம் இருக்கிறது என்பது இப்போது தெளிவாகிறது.

இருந்தாலும் ஒரு குறை நீங்கவில்லை. பெண்ணாக இருந்தபோது அஹிரு ஓயாமல் பேசுவாள், தடுக்கி விழுவாள், தோழிகளிடம் மாட்டிக்கொண்டு விழிப்பாள். அந்தக் குரல் இனி இல்லை. கொடை என்றாலும் பெருமிதம் என்றாலும், அந்தக் குரலை இனிக் கேட்க முடியாது என்ற வருத்தத்துக்கு விளக்கம் மருந்தாகாது. அது மருந்தாக வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. ரூவைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. தன்னை யாரும் நேசிக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒருத்தியை, இதயம் திரும்பியவுடன் தன் சொந்த விருப்பத்தால் ஒருவன் தேர்ந்தெடுக்கிறான். அஹிரு கொடுத்த பதக்கம் இல்லையென்றால் அவன் யாரையும் விரும்பியிருக்கவே முடியாது.

பனித்துளி எழுதியது:

எல்லோருடைய மறுமொழிகளையும் படித்த பின் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

கோபம் குறைந்திருக்கிறது. தனிமரம் அவர்கள் சொன்ன அந்தக் குரலின் வெறுமை குறையவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்பு நான் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மனிதர் இறந்துபோனார் என்றுதான் முதல் பகுதி தொடங்குகிறது. கதை எழுதியவர் போய்விட்டதால் கதைக்கு முடிவே இல்லாமல் போயிற்று என்று கதைசொல்லியின் குரல் சொல்கிறது. அதன்பின் வரும் கனவில் இளவரசன் நீரின்மேல் ஆட, வாத்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் அதைப் பார்ப்பதில்லை. கடைசிப் பகுதியிலும் அதே வாத்துதான், நீரில்தான் இருக்கிறது. இம்முறை கரையில் ஒருவன் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். வாத்து அவன் பக்கத்தில் மிதக்கிறது.