இருமலில் இரத்தம்: தமனியை அடைத்தால் நுரையீரலுக்குப் பாதிப்பு வருமா?

கேள்வி:
என் தந்தைக்கு வலது நுரையீரலில் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய். முதலில் சளியில் கோடுகோடாகத் தெரிந்த இரத்தம், இப்போது கால் டம்ளர் அளவுக்குச் செக்கச்செவேலென்று வருவதால் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். அறுவை சிகிச்சையை அவர் உடல் தாங்காது என்பதால், தொடைத் தமனி வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, இரத்தம் கசியும் குழாயை அடைக்கலாம் என்கிறார்கள். அப்படி அடைத்தால் அந்தப் பகுதி செத்துப்போகாதா? இரத்தம் நிரந்தரமாக நின்றுவிடுமா?

பதில் 1:
நான் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர், அதாவது ஸ்கேன் படங்களைப் பார்த்தபடி குழாய் வழியாகச் சிகிச்சை செய்பவன். ஸ்கேனைப் பார்க்காததால் பொதுவாகவே சொல்கிறேன். நுரையீரலுக்கு இரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ள வேண்டிய இரத்தம் நுரையீரல் தமனி வழியாகக் குறைந்த அழுத்தத்தில் வருகிறது. மூச்சுக்குழாய்த் தமனிகளோ, பெரும்பாலும் 5, 6ஆம் மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில், பெருந்தமனியிலிருந்தே கிளைப்பதால் அவற்றில் அழுத்தம் மிக அதிகம். கட்டி தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் இவற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்வதால் அவை பருத்து வளைந்து, எளிதில் கசிகின்றன. நாங்கள் அடைப்பது இவற்றைத்தான். மற்ற வழி திறந்தே இருப்பதால் நுரையீரல் பொதுவாகச் செத்துப்போவதில்லை.

பெரும்பாலும் 300 முதல் 500 மைக்ரான் வரையுள்ள பாலிவினைல் ஆல்கஹால் துகள்களைப் பயன்படுத்துவோம். அதைவிடப் பொடியாக இருந்தால் அவை இரு சுற்றோட்டங்களையும் இணைக்கும் நுண்வழிகளுக்குள் நழுவிவிடக்கூடும். தமனியின் வாயிலேயே காயில் எனும் உலோகச் சுருளை வைப்பதைப் பலரும் தவிர்ப்பார்கள். மறுபடி கசிந்தால் உள்ளே போக வழியிருக்காது. எங்களுக்கு உண்மையான அச்சம் தண்டுவடம்தான். அதற்குச் செல்லும் கிளை சிலருக்கு இதே தமனியிலிருந்து பிரிவதால், அங்கு துகள் போனால் கால்கள் செயலிழக்கலாம். ஆகவே மைக்ரோகதீட்டரை (இன்னும் நுண்ணிய குழாயை) அந்தக் கிளையைத் தாண்டி நிறுத்த முடிந்தால்தான் அடைப்போம்.

பதில் 2:
என் தாயாருக்கு இதைச் செய்தார்கள். மயக்க மருந்து இல்லை, தொடையில் மரத்துப்போகும் ஊசி மட்டுமே. பிறகு சில நாட்கள் நெஞ்சு வலியும் விழுங்குவதில் சிரமமும் இருந்தன. கருஞ்சிவப்பாகச் சளி வந்தபோது பதறினோம். உள்ளே தேங்கியிருந்த பழைய இரத்தம் என்று விளக்கினார்கள்.

பதில் 3:
புற்றுநோய்ப் பிரிவு மருத்துவராக இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சை இரத்தப்போக்குக்கானதே தவிர, புற்றுநோய்க்கானது அன்று. கட்டி இருக்கும்வரை அது புதுக் குழாய்களை வருவித்துக்கொள்ளும் என்பதால், மற்ற நோயாளிகளைவிடப் புற்றுநோயாளிகளிடம் மறுகசிவு அதிகம். அப்போது மீண்டும் அடைக்கலாம். கிடைத்த அவகாசத்தில் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு.

ஸ்குவாமஸ் கட்டி நடுவில் குழிவிழுந்து நுரையீரல் தமனியையே அரிப்பதும் உண்டு. அப்படியானால் மூச்சுக்குழாய்த் தமனியை மட்டும் அடைப்பதால் பயனில்லை. நுரையீரல் தமனியில் காயிலோ உறையிட்ட ஸ்டென்ட்டோ வைக்க வேண்டியிருக்கும். சி.டி. ஆஞ்சியோகிராமில் (இரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேனில்) அந்தத் தமனியையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இந்நோயில் உயிருக்கு உடனடி ஆபத்து இரத்த இழப்பைவிட மூச்சுத்திணறல்தான். ஆகவே திடீரென்று நிறைய வந்தால், உதவி வரும்வரை, கசியும் வலப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் இறங்காது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, டாக்டர். அவர் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அதை நிறுத்திவிடலாமா?

பதில் 3:
நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் இன்றே சிகிச்சைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். இதய மருத்துவரையும் கலந்து அவர்கள் முடிவு செய்வார்கள்.