கலைச்சொல் தேவை: சுறாவை அண்டவிடாத கருவி (வெள்ளிக்குள்)

ஈரோட்டிலிருந்து, திங்கள் இரவு

குழுவில் எல்லாருக்கும் வணக்கமுங்க. ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கணுக்காலில் கட்டிக்கொள்ளும் ஒரு மின்கருவியில் சிக்கிக்கொண்டேன். சுறாவின் மூக்கைச் சுற்றிக் கூழ் நிரம்பிய நுண்துளைகள் உண்டு. இரையின் உடலில் எழும் மெல்லிய மின்சாரத்தை அவற்றால்தான் மோப்பம் பிடிக்கிறது. இந்தக் கருவி நீரில் மின்புலத்தைப் பரப்பி, கிட்டே வரும் சுறாவைக் கூசச் செய்து திருப்புகிறது. இதற்கும், இதே வேலைக்கான சாயம், மருந்துக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். இப்போதைக்குச் ‘சுறாவிரட்டி’ என்று போட்டிருக்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து, செவ்வாய் காலை

கொசுவிரட்டி, பூச்சிவிரட்டி எல்லாம் ஊர் அறிந்தவை. இஞ்சி பூண்டுக் கரைசல் தெளிக்கிறவருக்கும் ‘விரட்டி’ புரியும். ஆனாலும் நம் பக்கத்துச் சொல் ஒன்று இருக்கிறதே, தம்பி! நாய் விரட்டினால் ‘நாயி முடுக்கீருச்சு’ என்றுதானே சொல்கிறோம்? ‘சுறாமுடுக்கி’ என்றே வைக்கலாம். வட்டார வழக்கிலிருந்து எடுத்தால்தான் கலைச்சொல்லுக்கு உயிர் இருக்கும்.

கோவையிலிருந்து, செவ்வாய் மதியம்

அண்ணா, நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். என் பிள்ளைகளுக்கு முடுக்கம் என்றால் திசைவேகம் மாறும் வீதம். துகள்முடுக்கி படித்தவன் ‘சுறாமுடுக்கி’யைப் பார்த்தால் சுறாவுக்கு வேகம் கூட்டும் கருவி என்றுதான் எடுத்துக்கொள்வான்.

‘விரட்டி’யிலும் எனக்குப் பயம் உண்டுங்க. 2018இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் ஐந்து கருவிகளை வெள்ளைச் சுறாக்களிடம் சோதித்தார்கள். ஒன்றுதான் குறிப்பிடும்படி வேலை செய்தது. அதை மாட்டியிருந்தபோதும் 40 விழுக்காடு முறை சுறா இரையை எடுத்துவிட்டது, மாட்டாதபோது 96. ‘விரட்டி’ என்றால் கட்டிக்கொண்டு இறங்கினாலே சுறா ஓடிவிடும் என்று ஒரு பையன் நம்பிவிடுவான். ‘சுறாவிலக்கி’ போடுங்கள். விலகுவது அது, விலக்குவது இது. அதற்கு மேல் அந்தச் சொல் உறுதி கொடுப்பதில்லை.

கரூரிலிருந்து, செவ்வாய் இரவு

நிலா நிலவு, புறா புறவு, கனா கனவு. குறிலை அடுத்த ஆகாரம் குறுகி உகரம் ஏற்கும் என்பது நன்னூல். அவ்வழியே சுறா, சுறவு. பட்டினப்பாலையின் பரதவர் சுறவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வணங்கினார்கள். ஆகவே ‘சுறவகற்றி’ என்று முதலில் எழுத நினைத்தேன். ‘நிலவு’ போலச் ‘சுறவு’ பேச்சில் இல்லை என்பீர்கள். சரி, விட்டுவிடுகிறேன்.

ஆனால் இதற்குச் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுறாவை மந்திரத்தால் கட்டியவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். ஆங்கில அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இப்படிச் சுறாவைக் கட்டியவர்களுக்குப் போனதாக மார்க்கோ போலோ எழுதுகிறார். பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் முத்துக்குளிக்காமலிருக்க. வேண்டும்போது இயக்கி வேண்டாதபோது நிறுத்தும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ‘சுறாகட்டி’.

ஈரோட்டிலிருந்து, புதன் காலை

ஐயா, ஒற்று மிகுமா?

கரூரிலிருந்து, புதன் காலை

மிகாது. கதைசொல்லி, மரம்வெட்டி போல இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘சுறாக்கட்டி’ என்று மிகுந்தால் சுறாவுக்கான கட்டி, வில்லை என்றாகும். அப்படியும் ஒரு பொருள் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையினருக்குத் தாமிர அசிட்டேட்டும் கருஞ்சாயமும் சேர்த்துச் செய்த கட்டி கொடுத்தார்கள், செத்த சுறாவின் வாடை அதில் வரும் என்று. கருவிக்கு ஒற்றில்லாமல், மருந்துக்கு ஒற்றோடு. ஓரெழுத்தில் இரண்டு கலைச்சொல்!

கோவையிலிருந்து, புதன் மாலை

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஓரெழுத்தை அச்சுக்கோப்பவர் தவறவிட்டால்? பாம்புக்கு வாய்க்கட்டு போடுவது போல மந்திர வாடையும் அதில் இருக்கிறது. உயிர் காக்கும் கையேட்டில் அது வேண்டாம்.

திருப்பூரிலிருந்து, புதன் இரவு

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் அந்தமானில் முக்குளிக்கக் கற்றவன், அதற்கு முன் காய்ந்த சுரைப்புருடை கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகியவன். எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது கருவியை அல்லங்க. சுறா வந்தால் முகத்தை அதன் பக்கமே வை, கண்ணை எடுக்காதே. பாறைக்கு முதுகு கொடுத்து நிமிர்ந்து நில். தண்ணீரை அடிக்காதே. குத்திய மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றாதே. பதறாமல் மெல்ல வெளியேறு. அந்தப் பக்கத்தைக் கருவிக்கு முன்னால் வையுங்கள். பெயர் ‘விரட்டி’யே இருக்கட்டும், படித்ததும் புரிகிறது.

ஈரோட்டிலிருந்து, வியாழன் காலை

எண்ணிப் பார்த்தேன். தனிமடலையும் சேர்த்து விரட்டிக்கு ஏழு, விலக்கிக்கு மூன்று, கட்டிக்கு ஒன்று. ‘சுறாவிரட்டி’ என்றே அனுப்புகிறேன். அதன் கீழேயே ‘இது சுறா வராமல் தடுக்காது, நெருங்கியதைத் திருப்பக்கூடும்’ என்று கோவை அக்காவின் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். நடத்தை பற்றிய பக்கம் முன்னால் போய்விட்டது.

கரூரிலிருந்து, வியாழன் மதியம்

அனுப்புங்கள், தம்பி. குழுவின் சொற்பட்டியலில் மட்டும் ‘சுறாகட்டி’யையும் பதிந்து வையுங்கள், ஒற்று மிகாமல்.