மறு: ஈறு நோய், சர்க்கரை நோய் இரண்டுக்கும் சேர்ந்த மரபுத் தொடர்பு – ‘உடன்சாய்வு’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம். ஈறு நோய், சர்க்கரை நோய் இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் இருக்கும் பரம்பரை ஆபத்தை நோயாளிகளுக்கான தாளில் எந்தத் தமிழ்ச் சொல்லால் சொல்வது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

> ‘பொது நோய்மரபணு’ என்றே போட்டுவிடலாம், யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும், அதுதான் என் கவலை. பெங்களூரு அல்சூரில் நான் பல் பார்க்கும் இடத்துக்கு வரும் தமிழர்களில் பலருக்குச் சுகரும் இருக்கிறது. போன வாரம் ஒரு அம்மா வந்தார், கீழ் முன்பல் இரண்டும் ஆடுகின்றன, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுகோலை விட்டால் 7 மில்லிமீட்டர் இறங்குகிறது (3 வரை என்றால் பரவாயில்லை), பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டு, “இது வம்சமா டாக்டர், என் பையனுக்கும் வந்துடுமா?” என்றார். அவர் கையில் ‘பொது நோய்மரபணு’ என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால், நோய் பையன் உடம்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார்.

விஷயமும் அப்படி இல்லை. 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு 117 இரட்டையர் இணைகளை எடுத்துக்கொண்டு, பல்லைத் தாங்கும் எலும்பு வரை போகும் ஈறு நோயில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் பாதி அளவுக்கு மரபு காரணம் என்றது. பாதிதான். இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கோ, துளித்துளியாக ஆபத்தைக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் கண்டாகிவிட்டது. 2006இல் தெரியவந்த, டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் உள்ள வேறுபாடு அவற்றில் வலுவானதில் ஒன்று, அதுவே ஒரு பிரதிக்கு ஆபத்தை ஒன்றரை மடங்குகூட ஆக்குவதில்லை.

> அப்படியானால் ‘பல்விளைவு மரபணு’?

ஒரே மரபணு பல பண்புகளைப் பாதிப்பதற்கு அது நல்ல சொல், வைத்துக்கொள்வோம். இங்கே மட்டும் வேண்டாம். 9ஆம் குரோமோசோமின் குட்டைக்கையில் 9பி21 என்ற பகுதியைப் பாருங்கள்: 2007இல் இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் அங்கே தடயம் கிடைத்தது, 2009இல் இளவயதில் வேகமாகப் பரவும் ஈறு நோய்க்கும் அதே பகுதியில் கிடைத்தது. உடனே ‘ஒரே மரபணு’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஈறு நோயின் தடயம் இதய நோயின் தடயத்தோடுதான் ஒட்டிப் போகிறது, சர்க்கரையின் தடயம் ஒரே தெருவில் அடுத்த வீடு மாதிரி பக்கத்துத் துண்டில் தனியாக இருக்கிறது. ஆகவே ‘ஒரே’, ‘பொது’ என்று அடித்துச் சொல்லும் எந்தச் சொல்லும் தெரிந்ததற்கு மேலே போய்விடுகிறது.

அப்புறம், இந்த இரண்டு நோய்க்கும் உள்ள உறவு முழுக்க மரபில் இல்லை. சர்க்கரை ஏறினால் ஈறில் அழற்சி முற்றுகிறது, ஈறு அழற்சி இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தாலே மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு) சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த அம்மாவுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன்.

அதனால் என் முன்மொழிவு: ஒரு நோய்க்கு மட்டும் என்றால் ‘மரபுச்சாய்வு’, இரண்டுக்கும் சேர்ந்து என்றால் ‘மரபு உடன்சாய்வு’. சாய்ந்தது விழுந்தே தீரும் என்றில்லை, முட்டுக் கொடுக்கலாம். ‘உடன்’ என்பது இரண்டும் சேர்ந்து வருவதைச் சொல்கிறது, எது எதற்குக் காரணம் என்று தீர்ப்பு எழுதுவதில்லை.

> சாய்வு கணக்குப் பாடத்தில் வேறு பொருளில் இருக்கிறதே?

இருக்கட்டும், ‘மரபு’ முன்னால் நின்றால் யாரும் வரைபடத்தை நினைக்க மாட்டார்கள். ‘ஏற்புத்தன்மை’ என்று ஒரு தோழி சொன்னார். நோயை நாமே ஏற்றுக்கொள்கிற தொனி வருவதால் எனக்கு உடன்பாடில்லை.

நோயாளிகளுக்கான தாளில் “சுகர், ஈறு இரண்டுக்கும் வம்சத்தில் வரும் உடன்சாய்வு” என்று போட நினைக்கிறேன். இங்கே கன்னடத் தாளிலும் ‘ஆனுவம்ஷிக’ என்றுதான் இருக்கும், ஆகையால் வம்சம் என்றால் எல்லோருக்கும் பிடிபடும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு எழுதினால் இன்னும் நல்லது.