மறு: மறு: ‘விண்டரிங்’ – ‘வலசை தங்குதல்’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் அனுப்பிய குறிப்பில், ‘நீலத்தொண்டைக் குருவி ஒன்று திருத்துறைப்பூண்டிப் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்கிறது’ என்று எழுதியிருந்தேன். கும்பகோணத்துத் தமிழாசிரியர் அம்மா உடனே பிடித்துக்கொண்டார்: “கழிக்கிறதா? கொடைக்கானலுக்கு லீவில் போன மாமா மாதிரி இருக்கிறதே!” குளிர்காலத்துக்கு இடம்பெயர்ந்து (வலசை) வந்த பறவை அந்தப் பருவம் முழுக்க ஓரிடத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் ‘விண்டரிங்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற இழை அங்கே தொடங்கியது. நடுவில் இரண்டு நாள் ‘குருவி’க்கு ஒற்று மிகுமா என்று திசைமாறிப் போனோம். அதை விட்டுவிடுகிறேன்.

சொல்லுக்கு வருமுன் பறவையைச் சொல்ல வேண்டும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

டிசம்பர் 8, காலை ஏழு மணி. வடிகால் வாய்க்கால் கரையில் சம்பங்கோரை இடுப்பளவு நிற்கிறது. சேற்றில் சிட்டுக்குருவி அளவில் ஏதோ ஒன்று குடுகுடுவென்று ஓடி, நின்று, வாலைத் தூக்கி விசிறியாக விரித்தது. வாலின் அடியில் இரு பக்கமும் செங்கல் நிறம். நடுவும் நுனியும் கறுப்பு. வெள்ளைப் புருவம். அடுத்த நொடி கோரைக்குள் புகுந்துவிட்டது. கேமராவில் விழுந்தது பாதி வாலும் ஒரு காலும். ஆனால் அந்த வால் போதும். தொண்டையில் நீலமே இல்லாத பெட்டையைக்கூட அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஐரோப்பாவின் வடகோடி, சைபீரியா, நம் நாட்டில் லடாக் என்று கூடு கட்டும் பறவை இது. டெல்டாவில் அதிகம் கண்ணில் படாது. அன்று இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றும்போது என்னால் எழுத முடிந்தது ‘பார்த்தேன்’ என்பது மட்டும்தான். இங்கேயே இருக்கப் போகிறதா, இன்னும் தெற்கே போகிற வழியில் இறங்கியதா என்று ஒரு நாளில் எப்படிச் சொல்வது? பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில், ஜனவரி 15 அன்று, அதே மதகுக்கு இருபதடி தள்ளி மறுபடி கண்டேன். பிப்ரவரி 9 அன்று மூன்றாம் தடவை. இந்த இரண்டு தடவையும் மார்பு தெளிவாக விழுந்தது. கறுப்புக் கோடுகள் மாலைபோல் வந்து இடப்பக்கம் ஓரிடத்தில் அறுந்திருக்கின்றன. இரண்டு படத்திலும் அதே இடம். கால்வளையம் இல்லாமல் ஒரே பறவை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் ‘விண்டரிங்’ என்று எழுத இப்போதுதான் தைரியம் வந்தது. எழுதப் போனால் தமிழில் வினைச்சொல் இல்லை.

இதுவரை வந்தவை பற்றி என் கருத்து.

‘குளிர்கால வருகையாளர்’ பல இடங்களில் புழங்குகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிற ஆள் மாதிரி இருக்கிறது. ‘வருகை’ என்றால் வந்ததோடு முடிந்தது; இருந்ததைச் சொல்லவில்லை.

‘கூதிர்ப்பறவை’ ஆசிரியர் அம்மா தந்தது. கேட்க அழகு. ஆனால் கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும்தானே அம்மா? என் குருவியை நான் உறுதி செய்ததே தையிலும் மாசி நெருங்கும்போதும். பழைய கணக்கில் கூதிர், முன்பனி, பின்பனி மூன்றையும் தொட்டுக்கொண்டு நிற்கும் பறவைக்கு முதல் பருவத்தின் பெயரை மட்டும் வைப்பது நியாயமில்லை.

‘பனிப்பறவை’ என்றால் பிள்ளைகள் பென்குயின் என்பார்கள். மார்கழிப் புல்லில் நிற்கிற பனியைப் பனிக்கரடி மிதித்துவிட்டது!

நீடாமங்கலம் நண்பர் சொன்ன ‘கிடை’ என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளோடு வந்து நம் வயலில் கிடை போடுகிறார்கள். பருவம் பார்த்து வந்து, இருந்து, திரும்புகிறவர்கள். ‘வலசை’யும் ஊர்விட்டுப் போன மனிதர்களிடமிருந்து பறவைக்கு வந்த சொல்தான் என்பதால் பொருத்தமும் உண்டு. தடை ஒன்றே: ‘கிடைப்பறவை’ என்றால் கிடைத்த பறவை என்றுதான் காதில் விழும். போதாக்குறைக்குக் கிடை என்றால் மந்தை. இது தனியாகத் திரிகிறது.

என் முன்மொழிவு: ‘வலசை தங்குதல்’. வலசை போகிறது, வலசை வருகிறது என்கிறோம்; வலசை தங்குகிறது என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். பெயராக்கினால் ‘தங்கல்’, இடத்துக்குத் ‘தங்கலிடம்’. போகிற வழியில் ஓரிரு நாள் இறங்கினால் ‘வழித்தங்கல்’. அக்டோபரில் கோடியக்கரைக் காட்டில் களைத்து இறங்கும் ஆறுமணிக்குருவிகளில் எத்தனை வழித்தங்கல், எத்தனை தங்கல் என்று இனி ஒரே வரியில் கேட்கலாம்.

சொல் என்னுடையது இல்லை. மூன்றாம் தடவை போனபோது மதகடியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். “இதுவா? நாத்து நட்டதுலேந்து இங்கதான் தங்குது. நீங்கதான் இப்ப வர்றீங்க” என்றார்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து

---

> வலசை தங்குகிறது என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம்

எனக்கு விளக்க வேண்டும் அண்ணே. எங்கள் உப்பளங்களில் வலசை வரும் கரைப்பறவைகளான உள்ளான்கள் சில சித்திரை, வைகாசியிலும் வடக்கே போகாமல் நின்றுவிடுகின்றன. பெரும்பாலும் முதிராத பறவைகள். அவையும் ‘வலசை தங்குகின்றன’தானே? பருவத்தைக் கழற்றிவிட்டீர்களே!

வேதாரண்யத்திலிருந்து

---

தம்பி சொல்வது சரி. ஆனால் சொல்லைத் தள்ள வேண்டாம். அவற்றைக் ‘கோடைத்தங்கல்’ என்று சொல்லிவிட்டால் போயிற்று. அடைமொழி இல்லாத தங்கல் வழக்கமானது. வழக்கம் மீறினால் அடைமொழி சேர்ப்போம். கொடிக்கால் வாலாட்டி என்று பெயர் வைத்தவர்கள் அது கொடிக்காலை விட்டு வெளியே வராது என்றா வைத்தார்கள்?

கூதிரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு. ‘தங்கலிடம்’ மட்டும் ஓட்டல் பலகை மாதிரி இருக்கிறது. ‘தங்கல்நிலம்’ என்று வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து

---

அம்மா, ‘தங்கல்நிலம்’ எடுத்துக்கொண்டேன். தம்பியின் கோடைத்தங்கலும் பட்டியலில் ஏறியது. பிப்ரவரி 9 குறிப்பை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘நீலத்தொண்டைக் குருவி, 1, பெட்டை. டிசம்பர் 8 முதல் மூன்று பார்வை, வலசை தங்குகிறது. தங்கல்நிலம்: வடிகால் கரை, சம்பங்கோரை. படம் 2, மங்கல் 1.’

பார்த்ததற்குச் சாட்சியாக மட்டும் உதவும் அந்த மங்கல் படத்துக்கு எல்லோரும் ‘ரெக்கார்ட் ஷாட்’ என்கிறோம். அதற்கு வேறு இழை தொடங்குகிறேன்.

மன்னார்குடியிலிருந்து