பழந்துணிக் கழிவு: உடன்படிக்கையின் மூல உரையைத் திருத்துவதா, இணைப்பைத் திருத்துவதா?

முனீர்கா:
சனிக்கிழமை ஆர்.கே.புரத்தில் நடக்கும் மாதிரி மாநாட்டில் நம் தில்லி அணி பாசல் உடன்படிக்கைக்கு (நாடு விட்டு நாடு போகும் கழிவைக் கட்டுப்படுத்துவது) ஒரு திருத்தம் முன்மொழிய வேண்டும். பொருள், பானிபட்டுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழந்துணிக் கழிவு. என் யோசனை: மூல உரையிலேயே புதிய பத்தி. விற்க முடியாத துணியைத் திருப்பி எடுக்கும் செலவை ஏற்றுமதி செய்த நாடே ஏற்க வேண்டும். அரைகுறையாக எதற்கு?

கரோல்பாக்வாசி:
பத்தி நன்றாக இருக்கிறது, நடைமுறைக்கு வரும்போது உங்கள் பேரன் வாசிப்பான். பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு ஆபத்தான கழிவு போவதைத் தடுக்கும் திருத்தம் 1995இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2019 டிசம்பர் 5. மூல உரை என்றால் ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஒப்புதல் பத்திரம் செலுத்த வேண்டும், அதுதான் காரணம்.

இணைப்புக்கு, அதாவது உடன்படிக்கையோடு சேர்த்திருக்கும் கழிவுப் பட்டியல்களுக்கு, அந்தப் பாடு இல்லை. பிளாஸ்டிக் கழிவை இணைப்பில் சேர்க்க நார்வே முன்மொழிந்தது. 2019 மே மாதம் நிறைவேறி, 2021 ஜனவரி 1 முதல் செல்லுபடி. பிரிவு 18ஐப் பாருங்கள்: வைப்பாளர் (ஒப்புதல் பத்திரங்களைப் பெற்று வைப்பவர்) அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் 'எங்களால் ஏற்க முடியாது' என்று எழுதித் தராத எல்லா நாட்டையும் அது கட்டும்.

முனீர்கா:
24 வருடம் ஆனதற்குப் பாதிக் காரணம் மோசமான வாசகம், அண்ணே. பிரிவு 17 'அதை ஏற்ற தரப்பினரில் நான்கில் மூன்று பங்கு' என்கிறது. திருத்தம் நிறைவேறிய நாளில் உறுப்பினராக இருந்தவர்களில் முக்காலா, இன்று இருப்பவர்களில் முக்காலா? 2011இல் கார்த்தஹேனாவில் கூடிய உறுப்பு நாடுகள் மாநாட்டில்தான் 'அன்று இருந்தவர்கள்' என்று முடிவானது. அதுவரை எத்தனை பத்திரம் வந்தால் போதும் என்றே சண்டை.

கரோல்பாக்வாசி:
கணக்கு தெளிவாக இருந்த இடத்தில் என்ன வாழ்ந்தது? காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் கபரோன் திருத்தம் 1983. அன்றைய 80 உறுப்பினர்களில் 54 பேர் ஏற்றால் போதும். அந்த 54 சேர்ந்து அமலுக்கு வர 2013 நவம்பர் ஆனது. பருவநிலைக்கான கியோட்டோ நெறிமுறையின் தோஹா திருத்தம் அதைவிடக் கூத்து. 144 ஏற்புகள் தேவைப்பட்டு 2020 டிசம்பர் 31 அன்று அமலுக்கு வந்தது. அது வகுத்த எட்டாண்டுக் காலமும் அன்றோடு முடிந்தது! பந்தி முடிந்தபின் இலை போட்ட கதை.

முனீர்கா:
ஒப்புதல் என்றாலே தாமதம் என்று அடிக்காதீர்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் நெறிமுறையின் கிகாலி திருத்தம் 2016 அக்டோபரில் நிறைவேறி 2019 ஜனவரி 1 அன்று அமல். 20 நாடுகள் ஏற்றாலே போதும் என்று இருந்தது. ஏற்பு எண்ணிக்கையைத் திருத்தத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள்.

இன்னொன்று. மான்ட்ரியலில் ஏற்கெனவே பட்டியலில் உள்ள ரசாயனத்தின் அளவைக் குறைக்க 'சரிசெய்தல்' போதும், எல்லோரையும் கட்டும். ஹெச்.எஃப்.சி. என்ற குளிர்பதன வாயு போலப் புதிய ரசாயனம் என்றால் முழுத் திருத்தம்தான். அதே தர்க்கம் இங்கேயும். இணைப்பு 'எந்தக் கழிவு' என்று சொல்லும். 'யார் செலவு ஏற்பது' என்று புதுக் கடமை விதிக்காது.

லோதிசாலை:
நடுவில் நுழைகிறேன். இருவரும் நாள்காட்டியை மறந்துவிட்டீர்கள். முன்மொழிவைத் தரப்பு நாடுதான் தர முடியும், தொண்டு நிறுவனமோ அமெரிக்கா போல உறுப்பினரல்லாத நாடோ தர முடியாது. உண்மையான பாசல் மாநாட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பு செயலகம் அதை எல்லாத் தரப்புக்கும் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருக்க வேண்டும், கவனியுங்கள். நாம் செயலகத்தில் கொடுக்கும் நாள் அதற்கும் முன்பு, ஏனெனில் ஆறு ஐ.நா. மொழிகளுக்கும் பெயர்க்க வேண்டும். தவறினால் அடுத்த மாநாடு இரண்டு வருடம் கழித்து. அதோடு சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு எழுதி, வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவு பார்க்காமல் தில்லியிலிருந்து எதுவும் நகராது.

வாக்கெடுப்பு கடைசி வழி. முதலில் கருத்தொற்றுமை. அது கிடைக்காவிட்டால் வந்திருந்து வாக்களிப்போரில் முக்கால். வாக்களிக்காமல் ஒதுங்குபவர் கணக்கில் இல்லை.

முனீர்கா:
நன்றி சார். ஆனால் கரோல்பாக் அண்ணன் போற்றும் மௌனச் சம்மதம்தான் என்னை உறுத்துகிறது. ஒரு சின்ன நாட்டு அமைச்சகத்தில் கோப்பு ஆறு மாதம் தூங்கினால் அந்த நாடு கட்டுப்பட்டுவிடுகிறது. பொதுவிதி என்ன? உடன்படிக்கைகளுக்கான சட்டத்தை வகுக்கும் வியன்னா உடன்படிக்கையின் பிரிவு 40: திருத்தத்தை ஏற்காத நாட்டைத் திருத்தம் கட்டாது, பழைய உரைதான் அதற்கு.

கரோல்பாக்வாசி:
'வேறு ஏற்பாடு இல்லாதபோது' என்று அதே பிரிவின் தொடக்கத்தில் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? பாசலில் வேறு ஏற்பாடு இருக்கிறது, சேரும்போதே கையெழுத்திட்டு ஏற்றது. கோப்பு தூங்கினால் மேசையைக் குறை சொல்லுங்கள். உங்கள் வழியில் நடப்பது என்ன? ஏற்றுமதி செய்யும் நாடு ஏற்காமலே இருக்கும், பானிபட்டில் மூட்டை இறங்கிக்கொண்டே இருக்கும்.

லோதிசாலை:
இணைப்பு வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. இரண்டாம் இணைப்பில் ஒய்48 பிளாஸ்டிக், ஒய்49 மின்னணுக் கழிவு போல துணிக்குப் புதுப் பதிவு சேர்த்தால் மட்டும் போதாது. ஒன்பதாம் இணைப்பில், அதாவது முன்னனுமதி தேவையில்லாத பட்டியலில், பி3030 என்று துணிக் கழிவு உட்கார்ந்திருக்கிறது, உடுத்திப் பழசான துணியும் அதில்தான். அதைத் தொடாமல் விட்டால் ஒரே மூட்டை இரண்டு பட்டியலில். நார்வே இரண்டு, எட்டு, ஒன்பது மூன்றையும் ஒரே முன்மொழிவில் திருத்தியது அதனால்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை: மறுபடி உடுத்த விற்கும் துணி 'கழிவு' என்ற வரையறைக்குள்ளேயே வராது என்பார்கள். கிழிந்ததையும் 'பயன்படுத்தத்தக்கது' என்று சரக்குச் சீட்டில் எழுதிவிடுவார்கள். தரம் பிரித்த சான்று இல்லாத மூட்டை கழிவே என்று பதிவின் வாசகத்திலேயே வரட்டும்.

முனீர்கா:
இது ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் செலவுப் பத்தியை விடமாட்டேன். தனி முன்மொழிவாகப் போகட்டும், இணைப்போடு ஒட்ட வேண்டாம். ஒட்டினால் இரண்டும் சேர்ந்து ஒப்புதல் வரிசையில் நிற்கும்.

கரோல்பாக்வாசி:
இரண்டு தனித் தாள் என்றால் எனக்குச் சண்டை இல்லை. பி3030க்கு மாற்று வாசகம் இன்றிரவு நான் போடுகிறேன். உங்கள் பத்தியில் எத்தனை ஏற்பு வந்தால் அமல் என்ற எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள், எந்த நாள் நிலவரப்படி என்பதோடு.